மூன்று எண்ணும் நேரம்

வெண்டல் நோவாட்னிக்குக் காத்திருக்கத் தெரியாது. தானியக் கிடங்கில் லாரி வந்து நிற்பதற்குள் ஓட்டுநரிடம் பேச ஆரம்பித்துவிடுவார். காபி ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்வார். ஐம்பத்துநான்கு வயதாகியும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வட்டாரத்தில் ஹாம் ரேடியோ வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஒன்பது பேரில் உயரமான ஆன்டெனா அவருடையது. பெரிய குரலும் அவருடையதுதான்.

ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதை நெட் என்போம். நடத்துபவர் ஒருவர், அவர் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். சுருக்கமாகப் பேச வேண்டும். கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெண்டல் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வார். ஒன்று மட்டும் அவரால் முடியாது. ஒருவர் பேசி முடித்தபின், மூன்று எண்ணும் நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் அடுத்தவர் பொத்தானை அமுக்க வேண்டும். அவசரம் உள்ளவர் நுழைவதற்கான வாசல் அது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான ரேடியோ மெலிந்ததை மூடிவிடும். மூடியவருக்கு அது தெரியவே தெரியாது.

"மூணு எண்றதுக்குள்ள உனக்கு உசுரா போயிடும்?" என்பார் அவர் தம்பி எல்டன்.

"போயிடும்டா. நீ ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ளயே பாதி போயிடுது" என்பார் வெண்டல்.

மார்ச் பனிப்புயல் அடித்த ஞாயிறன்று, வழக்கமாக நெட்டை நடத்துபவர் வெளியூரில் இருந்தார். பள்ளி முடித்துப் பத்து மாதமாக, ஏழு வேலைகளுக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டில் நடை பழகிக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது.

காலையில் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போன எல்டன் மூன்று மணி ஆகியும் திரும்பவில்லை. அந்தக் குன்றுகளுக்குள் கைபேசி எடுக்காது. வண்டியில் சின்ன ரேடியோ ஒன்று உண்டு. பனி தள்ளும் வண்டி சாலையில் தயாராக நின்றது. ஆனால் எல்டனுக்கு மேய்ச்சல் நிலம் நான்கு, பாதைகளும் நான்கு. இருட்டுவதற்குள் ஒன்றைத்தான் போய்ப் பார்க்க முடியும்.

"எல்டன், வெண்டல் பேசறேன். எங்கடா இருக்க? எல்டன். எல்டன், கேக்குதா? பதில் சொல்லு. எல்டன்."

இடைவெளியே இல்லை. அவர் மூச்சு வாங்கிய ஒரு நொடியில் காகிதம் கிழிவதுபோல் ஏதோ கேட்டது. குரலாக இருக்கலாம். அதற்குள் மறுபடி வெண்டல்.

அவர் அடுத்து மூச்சு வாங்கியபோது நான் பொத்தானை அமுக்கினேன். "வெண்டல், டெஸா பேசறேன். மைக்லேருந்து கைய எடுங்க."

"வெளிய இருக்கறது என் தம்பி, பொண்ணே."

"அதனாலதான் சொல்றேன். உங்க குரல் அவர் மேல ஏறி உக்காந்திருக்கு. நான் கூப்பிடற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. நீங்களுந்தான்."

என் வயது பத்தொன்பது. அதுவரை பெரியவர் யாரையும் நான் அதட்டியதில்லை.

ஐந்து நிமிடத்தில், என் ரேடியோ இருந்த எங்கள் சமையலறையின் கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு வெண்டல் நின்றார். தன் ரேடியோவின் மைக்கைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை மேசைமேல் வைத்தார்.

"வீட்ல இருந்தா அமுக்கிடுவேன். நீயே வெச்சுக்க."

அம்மா அவர் முன்னால் மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டி ரோலும் வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. ரோலைச் சுருள் சுருளாகப் பிரித்துப் போட்டார்.

"சன்னமா கேக்கற குரல் யாரோடதா இருந்தாலும் இப்ப பேசலாம்" என்று அறிவித்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். மூன்று தாண்டியது. முப்பது தாண்டியது. இரைச்சல் மட்டும்தான். வெண்டல் எழுந்து என் மைக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவ."

"வேணாம்."

"அவனுக்கு நான் இருக்கறது தெரியணும்ல?"

"அது இந்நேரம் நல்லாவே தெரிஞ்சிருக்கும். உக்காருங்க."

உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குதிகால் மட்டும் நிற்கவில்லை. கிண்ணத்துக் கரண்டி கிலுகிலுத்தது. அம்மா கரண்டியை எடுத்துவிட்டாள்.

காகிதம் மறுபடி கிழிந்தது. குரல்தான். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அது நின்றதும் யாரோ பொறுமையாக மூன்று எண்ணியது எனக்குத் தெரிந்தது. பிறகு ஆர்டித்தின் குரல் வந்தது. தபால் பட்டுவாடா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மேற்கே நாற்பது மைலில் ஒரு மேட்டில் இருப்பவர்; எங்களுக்கு எட்டாத மெலிந்த குரலும் அந்த உயரத்துக்கு எட்டும்.

"ஆர்டித் பேசறேன். எனக்கு எல்டன் குரல் கேக்குது. நான் வாங்கிச் சொல்லலாமா?"

"பர்மிஷன் கேக்கறா பாரு" என்று வெண்டல் பல்லைக் கடித்தார்.

"சொல்லுங்க ஆர்டித்."

இரண்டு நிமிடம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு ஆர்டித்தின் பாதி மட்டும் கேட்டது. பிறகு எங்களிடம் வந்தார்.

"வடக்கு நிலம். சாஞ்ச காத்தாலைக்குக் கிழக்க வண்டி பள்ளத்துல கெடக்கு. கால் மரத்துப்போச்சாம், மத்தபடி பரவாயில்லையாம். அப்பறம், இது அவர் சொன்னபடியே: நாப்பது நிமிஷமா கூப்பிடறேன், எங்கண்ணன் எடம் விடல."

வெண்டல் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பனி தள்ளும் வண்டி வடக்கே திரும்பியது. இருட்டுமுன் எல்டனைக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி வெண்டலிடம் யாரும் பேசவில்லை. அவரே பேசினார், கிடங்குக்கு வந்த ஒவ்வொரு ஓட்டுநரிடமும், லாரி நிற்பதற்குள்.

ஏப்ரலில் எல்டன் நெட்டுக்குத் திரும்பிய ஞாயிறன்று வெண்டலைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"வெண்டல், இருக்கீங்களா?"

நீண்ட இரைச்சல். "இருக்கேன். எடம் விட்டுட்டு இருந்தேன்."

மூன்று எண்ணியபின் எல்டன் வந்தார். "போதும், பேசு. எனக்கு இன்னும் ஒம்பது வெரல் இருக்கு."