ரமணனைக் கடல் கொண்டுபோகவில்லை

புவனேஸ்வரி டீச்சர் போய்விட்டார் என்பதை நாவற்குடாவில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அறிந்தேன். மின்கம்பத்தில் பசை காயாத மரண அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம் வந்தது. ‘ஆழிப்பேரலை காவுகொண்ட செல்வன் ரமணனின் அன்புத் தாயாரும்’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

டீச்சரோடு படிப்பித்த எங்களுக்கும் அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் உண்மை தெரியும். கடல் கொண்டுபோனது அவருடைய கணவரை. மகன் ரமணன் தப்பியவன். அலைக்குப் பிறகு தங்கிய முகாமில் கண்ணை மூடினால் அலறிக்கொண்டு எழும்புவான். அங்கே வந்த வைத்தியர் நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். முகாம் கலைந்தது, குளிசை நிற்கவில்லை. பிறகு சிநேகிதர்களிடம் வேறு குளிசைகளும் வாங்கினான். அலை அடித்து மூன்றாம் வருடம் அதனாலேயே செத்தான். ஊருக்கு ‘காய்ச்சல்’ என்று சொன்னார்கள். டீச்சர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

ரமணன் இறந்த அடுத்த வருடம், போர் முடியாத நாட்களில், போதைப்பொருள் பற்றிப் பேச எங்கள் பாடசாலைக்கு ஒரு கனவான் வந்தார். மண்டையோட்டுப் படங்களைக் காட்டி, ஒரு தடவை தொட்டாலே சாவுதான் என்று முழங்கினார். கடைசி வாங்கில் பதினோராம் ஆண்டுப் பையன் ஒருவன் சிரித்தான். தொட்டவர்கள் சாகாமல் பக்கத்தில் இருப்பதை அவன் தினமும் பார்க்கிறவன், சிரிக்காமல் என்ன செய்வான்? கனவான் தேநீர் குடிக்கப் போனதும் டீச்சர் எழுந்தார்.

“என்ட மகன் குளிசையால செத்தவன். முதல் குளிசைய என்ட கையாலதான் குடுத்தன். குடிச்சா அவனுக்குச் சுகமா இருந்திச்சு. அத உங்களுக்கு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. சுகமா இருந்தபடியாதான் அவனால விட ஏலாமப் போச்சு.”

மண்டபத்தில் அங்கங்கே கைகள் உயர்ந்தன. பிறகு கேள்விகள் வந்தன. கூட்டாளி ஒருவன் பாவிக்கிறான் என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்த நாளில் அது சின்னக் கேள்வியல்ல. ஒரு பையனின் பெயர் பிழையான காதில் விழுந்தால் அவன் வீடு திரும்புவது நிச்சயமில்லை.

“என்னட்டச் சொல்லு, புள்ள. நான் ஆமிக்குச் சொல்லன், அதிபருக்கும் சொல்லன். அம்மாவுக்கு அவனே சொல்லட்டும். நான் பக்கத்தில இருப்பன்” என்றார் டீச்சர்.

அதற்குக் கிடைத்த பரிசையும் எழுதத்தான் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அவரைக் கிழித்தார்கள். போதை சுகம் என்று ஒரு ஆசிரியை பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா என்று கேட்டார்கள். இனிமேல் மண்டபத்தில் பேசக்கூடாது என்று அதிபர் உத்தரவு போட்டார். அன்று வாய் கிழியக் கத்தியவர்களில் இரண்டு பேர் பிற்பாடு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டின் பின்கதவால் வந்தார்கள். நான் அங்கே இருந்தேன். டீச்சர் முகம் சுளிக்காமல் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். என்னால் அது முடிந்திருக்காது.

செத்த வீட்டில் அதே ஆட்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, கணவனையும் மகனையும் கடலுக்குக் கொடுத்த தாய் என்று உருகினார்கள். அறிவித்தலை எழுதியவர் டீச்சரின் தம்பி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருடைய மகளுக்கு வெளியூரில் கலியாணம் பேசுகிறார்களாம். “கடல் எண்டா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க, தங்கச்சி” என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் கடலால் செத்தால் மரியாதை. ஷெல்லால் செத்தாலும் மரியாதை. குளிசையால் செத்தவனுக்கு அழக்கூடக் கதவைச் சாத்த வேண்டும்.

வெளியே வந்தபோது அன்று கடைசி வாங்கில் இருந்து சிரித்த பையன் நின்றான். இப்போது மேசன் வேலை செய்கிறான். ரமணனை அவன் நேரில் கண்டதில்லை. அவனும் அந்தப் பின்கதவால் வந்தவன்தான் என்பது எனக்குத் தெரியும். கையில் மடித்த அறிவித்தல் இருந்தது.

“டீச்சர், அப்ப அவ எங்களுக்குச் சொன்னது பொய்யா? அந்தக் கதைய நம்பித்தான் நான் விட்டனான்.”

பசையும் தாளும் கொண்டு அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பெரியவர்கள் எல்லோரும் புளுகுகிறார்கள் என்று தெரிந்த ஒரு பையன் ஒரே ஒருத்தியை நம்பினான். அவளையும் அவளுடைய பிரேதத்துக்கு முன்னாலேயே பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். அவனுடைய கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக் கசக்கினேன். டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை, தாளில் இருப்பதுதான் பொய் என்று, ஒலிவாங்கிக்காரர்களுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீச்சரின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. பின்கதவால் வருபவர்களுக்கு என் தேத்தண்ணி கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வசனம். பதினோராம் ஆண்டு வகுப்பில் அதைச் சொல்லித்தான் இனித் தொடங்குவேன். மண்டபத்துக்குத்தான் தடை, வகுப்புக்கு இல்லை. புவனேஸ்வரி டீச்சரின் மகன் ரமணன் குளிசையால் செத்தவன், பிள்ளைகளே. அதை எங்களுக்குச் சொன்னது அவனைப் பெற்றவள்.