வாய்தா நாள் படம்

எங்கள் மூவருக்கும் ஒரே ஒரு படம்தான். அதை எத்தனை தடவை பார்த்தோம் என்று யாராவது கேட்டால், கோர்ட்டில் எங்கள் கேஸ் கட்டைப் பிரித்து வாய்தா தேதிகளை எண்ணிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். வாய்தாவுக்கு ஒரு தடவை என்று பார்த்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டிய மூன்று ஆண்கள், பட்டப்பகலில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முகமூடி போட்ட ஒருவன் ரயிலை உள்ளங்கையால் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கௌரவமான காரியம் இல்லை. எங்களுக்கும் அது தெரியும்.

வழக்கு என்னவென்றால், எங்கள் ஊர் வயல்களுக்கு அடியில் எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்தது. வேண்டாம் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ்காரர் நோட்டை எடுத்துப் பெயர் எழுத ஆரம்பித்ததும் ஊர் எழுந்து போய்விட்டது. நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தோம். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம், எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. மற்ற இருவரும் என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் இருந்தார்கள். அன்றிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் நாங்கள் ஏ-ஒன், ஏ-டூ, ஏ-த்ரீ.

ஏ-ஒன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வலங்கைமான் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் வயலும் என் வயலும் ஒரே வரப்பு. ஏ-டூ சவுதியில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து, அதே வீதியில் செருப்புக் கடை போட்டவன். அவனுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்திருந்ததால் அவனும் வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். ஏ-த்ரீ நான். உரக்கடையில் பில் போடுகிற வேலை, அது போக மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர்.

வாய்தா நாளில் பத்து மணிக்குக் கோர்ட்டு வராந்தாவில் நிற்போம். பன்னிரண்டு மணி வாக்கில் பெயர் கூப்பிடுவார்கள். உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அடுத்த தேதி சொல்வார்கள். இரண்டு நிமிட வேலை. அதற்காக ஒரு நாள் சம்பளம் போகும். முதல் வாய்தா முடிந்து வந்த அன்று ஏ-ஒன் முகம் செத்துப் போயிருந்தது. அவன் வீட்டில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஏ-டூ தன் கடைக்குப் போய், சவுதியிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவை எடுத்துவந்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் செருகினான். தமிழில் டப்பிங் செய்த படம் அதில் அது ஒன்றுதான் இருந்தது. சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம். இரண்டு மணி நேரம் கேஸ் ஞாபகமே வரவில்லை. அடுத்த வாய்தாவிலும் அதையே போட்டோம்.

ஒரு தடவை வேறு படம் போட்டுப் பார்த்தோம். அதற்கடுத்த வாய்தாவில் ஜட்ஜ் லீவு, எட்டு வாரம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். "படத்த மாத்துனதாலதான்" என்று ஏ-டூ சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதன் பிறகு மாற்ற எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. படித்த முட்டாள்கள் என்று என் வீட்டில் சொன்னார்கள்.

படத்தில் ஒரு ஊர், அதைச் சுற்றி மதில். ஊருக்கு அடியில் ஏதோ இருக்கிறது, அதைத் தோண்டி எடுக்க வில்லன் படையோடு வந்து நிற்கிறான். சாம்பல் நிற முகமூடிக்காரன் மூன்று நாள் தனியாளாக மதிலைத் தாங்கிப் பிடிக்கிறான். அவனுடைய சிநேகிதன் ஒருவனுக்கு ஒரு சக்தியும் இல்லை, வடக்கு வாசல் சாவி மட்டும் அவனிடம் இருக்கிறது, அங்கே காவலும் அவன்தான். மூன்றாம் நாள் விடியும்போது அவன் வாசலைத் திறந்துவிடுகிறான். படை உள்ளே புகுந்து பாதி ஊர் மண்ணாகிறது. கடைசியில் முகமூடிக்காரன் ஜெயித்துவிடுகிறான், அதை விடுங்கள். சிநேகிதன் ஏன் திறந்தான் என்று படம் சொல்லவே இல்லை. நான்கு விநாடி அவன் முகத்தைக் காட்டுகிறார்கள், சாவி திரும்புகிறது, அவ்வளவுதான். டப்பிங்கிலும் அந்த இடத்தில் வசனம் இல்லை.

அந்த நான்கு விநாடியை வைத்துக்கொண்டு நாங்கள் வருடக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

"வெல போயிருக்கான். வேற என்ன" என்பது ஏ-ஒன்னின் கட்சி.

"யாரு பாத்தா? மூணு நாளா ஒருத்தனயே வாசல்ல நிக்க வச்சிருக்கான். மாத்தாள் அனுப்புனானா? ஒரு டீ வாங்கிக் குடுத்தானா? ரயில நிறுத்தத் தெரியிது, சிநேகிதனுக்கு டீ குடுக்கத் தெரியல" என்பான் ஏ-டூ.

"டீ குடுக்கலன்னா சாவியக் குடுத்துருவியா நீ?"

"எனக்கு டீ முக்கியம் மாப்ள."

நான் எப்போதும் ஏ-ஒன் பக்கம்தான். சொல்லப்போனால் அவனைவிட மோசமாகப் பேசுவேன். அவனெல்லாம் ஒரு மனுஷனா, முதல் நாளே தூக்கி வெளியே எறிந்திருக்க வேண்டும் என்பேன். வாய் வலிக்கப் பேசுவோம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஏ-ஒன் கோபம் தாங்காமல், "உங்கிட்ட பேசுறதுக்கு எருமைகிட்ட பேசலாம்" என்று ஏ-டூவைப் பார்த்துச் சொன்னால்தான் அன்றைய வாய்தா முடிந்ததாக அர்த்தம்.

இதற்கு நடுவே ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது, ஊர் போட்டிருந்த போராட்டப் பந்தலுக்கு வந்து பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, நாங்கள் வந்தால் எல்லா வழக்கையும் வாபஸ் வாங்குவோம் என்று சொன்னவர்கள் வந்தார்கள். தாலுகா ஆபீஸ் சுவரில் முதலமைச்சர் படம் மாறியது, எங்கள் வாய்தா மாறவில்லை. பிறகு தோற்றுப் போனவர்கள் அதே பந்தலுக்கு வந்து, அதே பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள். நாங்கள் அதற்கும் கை தட்டினோம். போகப் போகப் பந்தலில் ஆள் குறைந்தது. ஓலையைப் பிரித்துக்கொண்டு போய் யாரோ மாட்டுக் கொட்டகைக்குப் போட்டார்கள்.

கம்பெனி மட்டும் சலிக்கவில்லை. குழாய் என் வயல் வழியாக வந்து, அங்கிருந்து ஏ-ஒன் வயலுக்குள் போக வேண்டும். என் மூன்று மா கிடைக்காவிட்டால் எங்கள் இரண்டு வயலையும் விட்டுவிட்டு வாய்க்கால் கரைப் புறம்போக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று சர்வேயரே ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லியிருந்தார். ஆகவே என் கையெழுத்துதான் சாவி. இது எனக்கும் தெரியும், ஏ-ஒன்னுக்கும் தெரியும். அவன் ஒரு தடவைகூட என்னிடம், போட்டுவிடாதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஆளாக அவன் என்னை நினைக்கவில்லை.

நான் ஒரு வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். நிலத்துக்கு அடங்கல் வாங்கத் தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். கம்பெனிப் பையன் ஒருவன் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். "எப்படியும் வரத்தான் போவுது சார். நீங்க ஏன் அலையிறீங்க" என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே எனக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி சொன்னான். அந்த நிமிடத்தில் எனக்கு அப்படி ஓர் அலுப்பு வந்தது. கோர்ட்டு வராந்தா, பந்தல், துண்டு, மனு, இன்னொரு மனு, எல்லாம் சேர்ந்து முதுகில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எங்கெங்கே போட வேண்டும் என்று அவன் பென்சிலால் குறித்து வைத்திருந்தான். போட்டுவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன், இரண்டு வடை தின்றேன். ருசியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

நிலத்தைவிட எனக்கு இருந்த பயம் வேறு. இவர்களிடம் எப்படிச் சொல்வது? பன்னிரண்டு நாள் கழித்து வாய்தா வந்தது. போகும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், கூட்டமாக இருந்தது. வராந்தாவில் சொல்லலாம் என்று நினைத்தேன், வக்கீல் குமாஸ்தா கூடவே நின்றார். தேதி வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தோம். படம் ஓடியது. அவன் வடக்கு வாசலில் நின்றான், முகத்தைக் காட்டினார்கள், சாவி திரும்பியது.

"பாவம்டா. அவன்தான் என்ன செய்வான்" என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஏ-டூ சிரித்தான். "என்ன மாப்ள, கட்சி மாறிட்ட? ஒனக்கும் டீ வேணுமா?"

ஏ-ஒன் சிரிக்கவில்லை. விரலை நீட்டிப் படத்தை நிறுத்தினான். திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"எப்ப கையெழுத்துப் போட்ட?"

"போன வாரம் இல்ல, அதுக்கு முந்துன வியாழக்கிழமை."

"மூணு மாவுக்குமா?"

"ம்."

"வீட்ல தெரியுமா?" என்று ஏ-டூதான் கேட்டான்.

"தெரியும். உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

நான் பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். எப்படியும் வரத்தான் போகிறது, என் உடம்பு முன்னைப் போல இல்லை, ஊரே விட்டுவிட்ட பிறகு நாம் மூன்று பேர் என்ன செய்ய முடியும் என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன். ஏ-ஒன் ஒன்றுமே கேட்கவில்லை. படத்தை மறுபடி ஓட விட்டான். முகமூடிக்காரன் ஜெயித்தான். பொட்டலக் காகிதங்களைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

சம்பா அறுத்ததும் பள்ளம் தோண்டுகிற மிஷின் வந்தது. என் மூன்று மாவைக் குறுக்காகப் பிளந்துகொண்டு போய் ஏ-ஒன் வரப்பில் நின்றது. அவன் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய் அந்த வரப்பில் நிற்கிறான். தனியாகத்தான் நிற்கிறான். ஏ-டூ சில நாள் கூடப் போகிறான். நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆனால் வாய்தாவுக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. குழாய் வரக்கூடாது என்று மறித்த குற்றத்துக்காக, குழாய்க்கு வயலைக் கொடுத்த நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "ஒப்புதல் குடுத்தத சொல்லி ஒரு மனு போட்டா, ஒங்கள மட்டும் தனியா பிரிச்சு விட்டுரலாம்" என்று வக்கீல் சொன்னார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்தக் கேஸும் போய்விட்டால் அவர்கள் பக்கத்தில் நிற்க எனக்கு வேறு சாக்கு இல்லை என்பதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது?

அவர்கள் என்னை ஒதுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் பொட்டலம் வாங்குகிறார்கள். கடைக்கு வந்ததும் ஏ-டூ முன்னைப் போலவே படத்தைப் போடுகிறான். வடக்கு வாசல் வரும்போது மட்டும் இருவரும் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறார்கள்.

போன வாய்தாவில் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே கிளறினேன். வாசலைத் திறந்தவன்தான் படத்திலேயே புத்திசாலி என்றேன். முகமூடிக்காரனுக்குப் பிடிவாதத்தைத் தவிர வேறு என்ன தெரியும், அவனால்தான் ஊர் அழிந்தது என்றேன். எனக்கே நாக்கூசும் பேச்சு. பழைய ஏ-ஒன்னாக இருந்தால் எழுந்து நின்றிருப்பான்.

அவன் ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "இருக்கலாம்டா. நீ சொல்றதும் சரிதான்" என்றான்.

அவன் குரலில் குத்தல் இல்லை. ஏ-டூ தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான். படம் முடியும்வரை நான் திரையைப் பார்க்கவில்லை, ஏ-ஒன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் என்னோடு சேர்ந்து அந்தச் சாவிக்காரனைத் திட்டியவன், என்னைத் துரோகி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் எனக்கு. ஏ-ஒன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதினான்.