வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

பதில் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த உலகத்தில் சம்பளம் ஜாஸ்தி. எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுச் சம்பளம் வாங்குவது என் தொழில்; கள ஆய்வு என்று அதற்குப் பெயர். வெயிலில் கதவைத் தட்டி, நாய்க்குப் பயந்து, பாதிக் கேள்வியில் துரத்தப்பட்ட என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அதில் மருத்துவ நெறிமுறைக் குழு என்று ஒன்று. டாக்டர் படுக்கச் சொல்லியும் ‘வேண்டாம்’ என்று கிளம்பிவிடுகிற நோயாளியை எவ்வளவு தூரம் வற்புறுத்தலாம் என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. அது அவர்கள் விருப்பம், விட்டுவிடுங்கள் என்று ஒரு கோஷ்டி. அறியாமை, விடாதீர்கள் என்று இன்னொரு கோஷ்டி. போனவர்களை யாராவது கேட்டீர்களா என்று ஒரு புண்ணியவான் வாயைத் திறந்தார், எனக்கு வேலை கிடைத்தது.

நியாயம் கேட்கப் போன இடம்

எலவனாசூர்கோட்டையில் ஒரு விவசாயி. சர்க்கரை வியாதியில் காலில் புண். படுக்க மறுத்து வந்துவிட்டவர். ஏன் வந்துவிட்டீர்கள் என்றேன். பயம்தாங்க என்றார். இதை நம்பி எழுதிக்கொண்டு போகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. ‘ஏன்’ என்று கேட்டால் மரியாதையான பதில் வரும். ‘அன்றைக்கு என்ன நடந்தது’ என்று கேட்டால்தான் நடந்தது வரும். கேட்டேன். வந்தது. அன்றைக்குத்தான் ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்திருக்கிறது. ஆள் கிடைக்கும்போது வெட்டாவிட்டால் கரும்பு காய்ந்துவிடும். பயமாவது ஒன்றாவது.

புண்ணுக்குக் கட்டாவது ஒழுங்காகப் போடுகிறாரா என்று விசாரித்துவிட்டு எழுந்தேன். ஆஸ்பத்திரி உங்களிடம் நடந்துகொள்வது நியாயமா என்று உங்களிடமே கேட்டு விதிகளைத் திருத்தப் போகிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எல்லாம் சரிங்க. நீங்க இன்னா கட்சி?”

முழங்கால் வலி

மணலூர்பேட்டையில் ஒரு மருமகள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்றவர். நான் எதைக் கேட்டாலும் மாமியார் பதில் சொன்னார். மருமகள் பெயரைக் கேட்டதற்கும் அவர்தான் சொன்னார்.

என்னோடு வேலை செய்யும் முருகன் இந்த மாதிரி நேரத்துக்கென்றே பிறந்தவர். உங்களுக்கு முழங்கால் வலி உண்டாம்மா என்று மாமியாரை மெல்லக் களத்துப் பக்கம் அழைத்துப் போனார். முழங்கால் வலிக் கதைக்கு இன்றுவரை யாரும் முடிவு கண்டதில்லை. அந்த நேரத்தில் மருமகள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“டாக்டரு என்னப் பாத்துத்தான் கேட்டாருங்க. அத்த வேணான்னாங்க. என்னிய யாரு கேட்டாங்க?”

தனியாகக் கேட்டாலும்

அப்படி இன்னும் பல பெண்களைப் பார்த்தபின் குழுவில் போய்ச் சொன்னேன். அடித்துச் சொன்னேன். நோயாளியைத் தனியாகக் கேளுங்கள், கூட வந்தவர்களை வெளியே அனுப்புங்கள் என்று விதி வந்தது. மணலூர்பேட்டை மருமகளை மறுபடி அழைத்துத் தனியாகக் கேட்டார்கள்; ஆபரேஷனும் நடந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

விதி எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் மத்தியானம் டாக்டர் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு என்பவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிமோனியா. குழந்தை மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்கியது. இளம் பெண் டாக்டர் விதிப்படி கூட வந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். சின்னப்பொண்ணு, மருந்து கொடுங்கள், போகிறேன் என்றார். குழந்தை பிழைக்காமல் போகலாம் என்று சொல்லியும் அதே பதில்தான். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது இவர் விருப்பத்தை மதிக்கட்டுமா, குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டார். குழந்தையின் விலாவைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். நீங்கள் இங்கே தங்கினால் வெளியே என்ன நடக்கும் என்று சின்னப்பொண்ணைக் கேட்டேன். வாசலில் ஜீப் நிற்கிறது, ஊரே சேர்ந்து வந்த ஜீப் என்றார். ஒன்றாக இறங்கினவர்கள் ஒன்றாகத்தான் மலை ஏறுவார்களாம், ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வண்டி போகாதாம். அதில் பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி. எல்லார் வீட்டிலும் கட்டாத மாடும் ஆடும்.

“நான் இருந்தா அவங்களும் இங்கியே கெடப்பாங்க. எப்டிங்க இருக்கறது?”

ஜீப்பில் ஒரு கூட்டம்

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே நான். சொல்லட்டுமா என்று சின்னப்பொண்ணை அறையிலேயே கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்; ஜீப்பில் இருந்தவர்களிடம் குழந்தையின் நிலைமையைச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. சின்னப்பொண்ணின் நாத்தனார் துணைக்கு இறங்கிக்கொண்டாள். ஆட்டை ஒரு வீடு கட்டும், ஊரில் விட்டு வந்த பெரிய பையனுக்கு இன்னொரு வீட்டில் சோறு. எங்கள் குழு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கிளம்புகிற ஜீப்பிலிருந்து அந்தப் பச்சைக் குழந்தைக்காரி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்களையும் வெச்சுகினு கேட்டிருக்கலாமேங்க. தனியா கூப்ட்டு கேட்டா, எங்களுக்காவ வேணான்னுதான சொல்லுவா அவ.”

மறுபடியும் குழு

குழந்தை பிழைத்தது. கூட்டிப்போக அதே ஜீப் வந்து, முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி கேண்டீன் டீகூட ருசியாக இருந்தது.

குழுவில் பழையபடி இரண்டு கோஷ்டி. தனியாகக் கேட்பதா, எல்லோரையும் வைத்துக் கேட்பதா? இரண்டும் இல்லை, யாரை வைத்துக்கொண்டு பேசலாம் என்று முதலில் நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள், வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள் என்றேன். கொஞ்சமும் தயங்காமல்தான் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேள்வி கேட்கிறதுக்கே ஒரு கேள்வியா? உங்களுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும்மா.”

ஆக, தொழில் சகாக்களே, நம் பிழைப்பில் சரியான கேள்வியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஜீப் கிளம்புவதற்குள் அதைக் கேட்டும் தொலைக்க வேண்டும்.