ஐந்து கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் தகடு அடித்தேன். முப்பது வருடத்துக்கு மேல். வேலை முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி, "எங்கனா போய்ட்டு வாயேன்" என்றாள். அப்படித்தான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

எங்கள் கிளை நூலகம் ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரு பெரிய அறை. முன்னால் ஷீட் போட்ட வராந்தா. அறையில் நான்கு மின்விசிறி, அதில் மூன்று ஓடும். நான் இருக்கிற அண்ணனூரிலிருந்து நடந்தே போய்விடுவேன். நான் படிப்பது பேப்பர் மட்டும். புத்தகம் எடுத்தது இல்லை.

பேப்பர் மேசைக்கு நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் என்னைப் போலப் பேப்பர் மட்டும்தான். அதில் ஒருவர் இஸ்திரிக்காரர். காலையில் துணி வாங்கி வைத்துவிட்டு, பெட்டியில் கரி தணல் பிடிக்கும் வரை பேப்பர் படிப்பார். பேசுவதெல்லாம் அவர்தான்.

வாசலில் ஒரு பதிவேடு உண்டு. வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைச் சணலில் கட்டி வைத்திருப்பார்கள். நான் முதலில் வருவேன். பின்னால் வருகிற நான்கு பேரும் நேரே மின்விசிறிக்குக் கீழே போய்விடுவார்கள்.

"எனக்கும் சேத்துப் போட்டுடு அண்ணாத்தே" என்று இஸ்திரிக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். பிறகு மற்ற மூன்று பேரும்.

அவர்கள் பெயரெல்லாம் எனக்கு எழுத வராது. இன்ஷியல் வேறு. அதனால் என் பெயரையே ஐந்து தடவை எழுதி ஐந்து கையெழுத்துப் போட்டேன். தினமும் போட்டேன். சாயங்காலம் நூலகர் அம்மா கடைசி வரியின் எண்ணைப் பார்த்து இத்தனை பேர் என்று எழுதிக்கொள்வார். எத்தனை பேர் என்றுதான் மேலே கேட்பார்கள். யார் என்று கேட்டதில்லை.

நூலகத்தில் வருடத்துக்கு இரண்டு முறை கூட்டம் வரும். மே மாதம் பிள்ளைகளுக்குக் கோடை முகாம். கதை சொல்வார்கள், காகிதத்தில் தொப்பி செய்வார்கள். அப்போது பேப்பர் மேசையை எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் வராந்தாவுக்கு வந்துவிடுவோம். இன்னொன்று நவம்பரில் நூலக வார விழா. அது மழைக்காலம். ஒவ்வொரு வருடமும் மழை பெய்யும். ஒவ்வொரு வருடமும் ஷாமியானாவை வெளியில்தான் போடுவார்கள்.

அந்த வருடம் கோடை முகாமுக்கு ஒரு பெண் தன் மகளைக் கூட்டி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பில் வீடு. பத்து நாளில் பிள்ளைக்குத் தொப்பி செய்து சலித்துவிட்டது, நின்றுவிட்டது. அம்மா நிற்கவில்லை. தினமும் பத்து மணிக்கு வருவார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிப்பார். பன்னிரண்டரைக்குப் போவார். யாரிடமும் பேச மாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் அவர் நூலகர் அம்மாவிடம் கேட்டார். மேசை பக்கத்தில் என்பதால் எனக்கும் கேட்டது.

"மேடம், டெய்லி வாரவங்களுக்கு சர்டிபிகேட் மாதிரி ஏதும் குடுப்பீங்களா?"

"விழாவுல சிறந்த வாசகர்னு ஒருத்தருக்குக் குடுப்போம். ஏன்மா?"

"எங்க அத்தை ஏசுதாவ. ஆறு மாசமா போறியே, அங்க இருந்து ஒரு தாளாவது கொண்டாந்து காட்டுனியா, பேன் காத்துக்குத்தான போறங்காவ. விழா முடிய மட்டும் போ, அதுக்குள்ள ஒண்ணும் கொண்டு வரலன்னா நிப்பாட்டிருன்னுட்டாவ."

"நீதான் தெனமும் வர்றியே. உனக்குத்தான் வரும்" என்றார் நூலகர் அம்மா.

அந்தப் பெண் போய் உட்கார்ந்து படித்தார். அன்று பக்கம் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது.

சிறந்த வாசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை நூலகர் அம்மா பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்களிடம் விட்டார். அவர்கள் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். யார் பெயர் அதிகமோ அவர்தான் என்று கம்ப்யூட்டர் சொன்னது. என் பெயரைச் சொன்னது. இரண்டாவது இடத்துக்கும் எனக்கும் ஐந்து பங்கு வித்தியாசம்.

எனக்கு இது பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது. சிறந்த வாசகர் என்று பேனர் கட்டியிருந்தார்கள். உறுப்பினர் அட்டைக்குக் கொடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

இஸ்திரிக்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாமே, இன்னா மூஞ்சி இது? இப்பதான் ஒருத்தன் வந்து, எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டுட்டுப் போறான்."

"நீ இன்னா சொன்ன?"

"பத்து மணிக்கு லைப்ரரிக்கு வந்துடும், அங்கயே பாத்துக்கன்னேன்."

நான் நேரே நூலகர் அம்மாவிடம் போனேன். ஐந்து கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"சர்டிபிகேட்ல பேரு அடிச்சாச்சு. லிஸ்ட்டு ஆபீசுக்குப் போயாச்சு. இப்ப மாத்தினா பதிவேட்டையே பொய்யின்னு சொல்லுவாங்க. பேசாம வாங்கிக்கிங்க. மேடையில ஒரு புக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். அதுக்கு ரெடி பண்ணுங்க."

ஜன்னல் பக்கம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் போய் எதிரில் நின்றேன்.

"பரவால்ல அண்ணாச்சி" என்றார். "எந்தப் புக்கைப் பத்திப் பேசப் போறீய?"

"நான் ஒண்ணும் படிச்சதில்லம்மா."

கையில் இருந்த புத்தகத்தை மூடிவிட்டு அந்தக் கதையை எனக்குச் சொன்னார். மூன்று நாள் சொன்னார். ஒருவன் தன் நிலத்தில் கிணறு தோண்டுகிறான். எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். அவன் தோண்டுகிறான். கடைசி வரை தண்ணீர் வரவில்லை.

"வரலன்னா அப்புறம் எதுக்கு எழுதினாங்க?" என்று கேட்டேன்.

"தோண்டுனாம்லா" என்றார்.

விழா அன்று மழை. வாசலில் பெண்களுக்குக் கோலப் போட்டி வைத்திருந்தார்கள். போட்டிக்கு ஆள் வேண்டும் என்று நூலகர் அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் தன் மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். கட்டையான அம்மாள். புள்ளி வைத்து முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோலம் சாக்கடைக்குப் போனது, போட்டியை ரத்து செய்தார்கள். ஷாமியானாவில் தண்ணீர் தேங்கி ஒரு பக்கம் தொங்கியது. எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் முன் வரிசையில், மடியில் கோலமாவு டப்பாவோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் பின்னால் சுவரோரம் நின்றார்.

என் பெயரைச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தினார். சான்றிதழைக் கொடுத்தார். மைக்கைக் கொடுத்தார்கள். முன் வரிசையில் டப்பாவைப் பார்த்தேன். கிணற்றுக் கதை முழுவதும் ஞாபகத்தில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"எனக்குப் பேப்பர் மட்டுந்தான் படிக்க வரும். என் கூட நாலு பேரு வருவாங்க. அவங்க கையெழுத்தையும் நானே போட்டேன். அதான் என் பேரு அதிகமா கீது. தெனமும் வந்து புத்தகம் படிச்சது அதோ செவுத்தாண்ட நிக்கிற அம்மா. பேசறதுக்குக் கதைகூட அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அவ்ளோதான்."

சிறப்பு விருந்தினர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "என்ன ஒரு தன்னடக்கம்!" என்று அவர் மைக்கில் சொன்னார். இரண்டாவது பொன்னாடையும் எனக்கே போட்டார். நூலகர் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். அந்த மாமியார் சுண்டல் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். அவர் தன்னடக்கம் என்று நினைக்கவில்லை.

"அஞ்சு பேருக்கும் நீரு ஒருத்தரேவா கையெழுத்துப் போட்டீரு?"

"ஆமா."

"எம் மருமவளுக்கு?"

"அவங்களுது அவங்கதான் போட்டாங்க."

"எத்தன நாளு?"

"எல்லா நாளும்."

"எங்க இருக்கு அது?"

பதிவேட்டைக் காட்டினேன். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மருமகளின் கையெழுத்து தெரியும். பேத்தியின் பள்ளி டைரியில் தினமும் பார்க்கிறார். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, டப்பாவை என் கையில் கொடுத்தார். விரலை நாக்கில் தொட்டு, மே மாதத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கையெழுத்தைத் தேடி விரல் வைப்பார். பிறகு அடுத்த தாள்.

"இது யாரு, கும்பலா?"

"நான்தான்."

அடுத்த தாளைத் திருப்பினார். ஜூன், ஜூலை. மருமகள் பின்னால் வந்து நின்றார். ஆகஸ்டில் ஒரு தாளில் விரல் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போய்க் கீழே வந்தது.

"இதுல இல்லியே" என்று என்னைப் பார்த்தார். "எல்லா நாளும்னீரு?"

மருமகள் குனிந்து தேதியைப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்கள கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் அத்த."

அந்த அம்மாள் தாளைத் திருப்பினார். மீதியையும் பார்த்து முடித்தார். எதையும் விடவில்லை. பதிவேட்டை மூடி, பேனாவை அதன் மேல் வைத்தார். என்னிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"தாளு இங்கன இருக்குன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானட்டி" என்றார் மருமகளிடம். "வா, மழை வெறிச்சி நின்னுட்டு."

சான்றிதழ் என் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், நூலகர் அம்மா வாங்கவில்லை. பொன்னாடை இரண்டையும் என் மனைவி பீரோவில் வைத்திருக்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். அவரவர் கையெழுத்தை அவரவர் போட வேண்டும் என்று பதிவேட்டுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் ஒன்று போட்டேன். இஸ்திரிக்காரர் தன் இன்ஷியலை எழுதி முடிக்கும் வரை அந்தப் பெண் வரிசையில் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.