பூனைகளுக்கு மணியடித்த அத்திம்பேர்

சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த சாக்கு மூட்டை அசைந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். உப்பல் சாலையிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முனையில், அத்திம்பேரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூட்டை ஒரு பக்கம் வீங்கி, அடங்கி, மறுபடி வீங்கியது. உள்ளேயிருந்து வந்த கத்தலைக் கேட்டதும் அத்திம்பேர் ஸ்கூட்டரைச் சைக்கிளுக்குக் குறுக்கே நிறுத்தினார். சைக்கிள்காரன் பயந்ததாகவே தெரியவில்லை. "பில்லியாங் ஹை சாப். ஆப் கைக்கு பரேஷான் ஹோரே?" என்றான். பூனைகள்தான், உங்களுக்கு எதற்குக் கவலை என்று, ஏதோ கத்தரிக்காய் மூட்டையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னான். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு, ஊருக்கு வெளியே இருந்த கள் காம்பவுண்டின் பக்கம் மோவாயை நீட்டினான். அங்கே கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள முயல் கறி என்று வறுத்து விற்றது என்ன கறி என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில், எந்த வேலை எந்த மெஷினில் எப்போது நடக்க வேண்டும் என்று திட்டம் போடும் பிரிவில் இருந்தார். நான் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மனிதர் சண்டைக்குப் போகிறவர் இல்லை. காய்கறிக்காரியிடம் பேரம் பேசக்கூட அக்காவைத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் நடுரோட்டில் மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டார். பூனைகள் ஆளுக்கொரு திசையில் பாய்ந்தன. அதில் ஒன்று நன்றிக்கடனாக அவர் மணிக்கட்டைப் பிறாண்டிவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் அதற்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவரைப் பார்த்து அக்கா, "ஊர் வம்பை வெலைக்கு வாங்கினா இப்படித்தான்" என்று வாயால் திட்டிக்கொண்டு, கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கும் ஒரு பூனை இருந்தது. சுப்பி என்று பெயர். வெள்ளையில் பழுப்புத் திட்டு. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் பூனையைக் கொஞ்சுகிறாள் என்று காலனியில் சிலர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அதற்காக அவள் கொஞ்சுவதை நிறுத்தவில்லை. சாக்கு மூட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டபின், சுப்பி கண்ணில் படாவிட்டால் அவளுக்குச் சமையலே ஓடாது.

வயிறு சரியானதும் அத்திம்பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஈ பில்லுலு எவரிவி சார்?" என்றாராம். யாருடைய பூனைகள்? யாருக்கும் சொந்தமில்லாத பூனையை எடுத்துப்போனால் அது திருட்டு ஆகாதே என்று சிரித்திருக்கிறார். அத்திம்பேர் அந்தக் கேள்வியோடு திரும்பி வந்தார். ராத்திரி சாப்பிடும்போது மோரில் கையை வைத்தபடி, "அப்போ யாரோடதாவது ஆக்கிடணும். காலனியோட பூனைகள்னு ஆக்கிடணும். பசிக்கு அலையறதாலதானே வெளியில போய் மாட்டிக்கறதுகள்? ஒரே எடத்துல, ஒரே டயத்துல சாப்பாடு போட்டா ஏன் அலையப்போறது? எதுக்கும் ஒரு சிஸ்டம் வேணும்" என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் பார்த்தார். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம் ஷிஃப்ட் பஸ் வந்ததும் இரும்புக் கம்பியால் அதைத் தட்டுவார், அவர் இல்லாத நாளில் வேறு யாராவது தட்டுவார்கள். முறைவைத்து வீடுகளிலிருந்து தயிர்சாதம் வரும். முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் காலனியில் பதில் கிடைத்துவிட்டது என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கேலி செய்தவர்களே பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். டாங் என்ற சத்தம் கேட்டதும் கூரையிலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அழகை என்னவென்று சொல்வது! சுப்பி மட்டும் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். அத்திம்பேர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மெதுவாகத் தட்டித் தட்டி, கையில் ஊட்டி, அதையும் பழக்கினார். காது கிழிந்த கறுப்புக் கடுவன் ஒன்றுதான் கடைசிவரை வரவில்லை. பிள்ளைகள் அதற்கு ரவுடி என்று பெயர் வைத்திருந்தார்கள். மதில்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கும். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்துவிடும்.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலைக்குள் குடும்பத்தாரை அனுமதிப்பார்கள். பட்டுப்புடவையும் பூவுமாகக் காலனியே கம்பெனி பஸ்களில் ஏறிப் போய்விடும். மெஷின்களுக்கு மாலை, சந்தனம், பூசணிக்காய். எங்களுக்குப் பொரி, கடலை, வாழைப்பழம். வருஷம் முழுவதும் ஆண்கள் எங்கே போய் மறைகிறார்கள் என்று பெண்கள் பார்த்துக்கொள்ள அந்த ஒரு நாள்தான். அத்திம்பேர் அன்று உற்சாகமாக இருந்தார். பூனைச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் தொட்டிப் பக்கம் போனார். நானும் அக்காவும் பொரிப் பொட்டலத்தோடு பின்னால் போனோம். மரத்தடியில் தையல் இலைகளில் பாதி தின்ற தயிர்சாதம் கிடந்தது. அன்று முறை யாருடையது என்று யோசித்தோம். யாருமே வீட்டில் இல்லையே! அத்திம்பேர் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். சுப்பி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சத்தம் கேட்டு கேட் வாட்ச்மேன்தான் வந்தான். மத்தியானம் இரண்டு பேர் வந்து தட்டினார்களே என்றான். "ஆப்கேச் லோகாங் சம்ஜா சாப். தஹீ சாவல் லேகே ஆயே தே." தயிர்சாதம் கொண்டுவந்தார்கள், நீங்கள் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்தேன் என்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆள் மாறினாலும் வேலை நிற்காதபடி அத்திம்பேர் ஏற்பாடு செய்திருந்தார். தொழிற்சாலையில் அதைத்தான் நல்ல ஏற்பாடு என்பார்கள்.

அவர் தட்டுவதை நிறுத்தவே இல்லை. காலனிப் பெண்கள் அவரவர் வாசலில் வந்து நின்றுகொண்டு பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் போய்க் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். "ஏன்னா, போறும். உள்ள வாங்கோ." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "சுப்பிக்கு வர இஷ்டமே இல்லை. நான்னா பழக்கினேன்" என்றார்.

மறுநாள் அதே போலீஸ் ஸ்டேஷன். இந்த முறை சிரிக்காமல் புகார் எழுதிக்கொண்டார்கள். ஒரு கான்ஸ்டபிளோடு அத்திம்பேர் கள் காம்பவுண்டுக்குப் போனார், வாழ்க்கையில் முதல் தடவையாக. வாணலிக்குப் பின்னால் இருந்தவன், "குந்தேலு சார்" என்று, எல்லாம் முயல்தான் என, முயலின்மேலேயே சத்தியம் செய்தான். தோல் உரித்தபின் முயல் எது, பூனை எது என்று கான்ஸ்டபிளுக்கும் தெரியவில்லை, அத்திம்பேருக்குத் தெரிய வழியே இல்லை. எழுதி எழுதி, அலைந்து அலைந்து, கடையை மூடவைத்தார். கொஞ்ச நாளில் அது சாலைக்கு அந்தப் பக்கம் திறந்தது.

இப்போது மாரெட்பள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறாள். நல்ல பெண். ஊசி போட அழைத்துப்போகிறாள், காணாமற்போனால் போனில் படம் போட்டுத் தேடுகிறாள். தமிழ் புரியும், கலந்துகட்டித்தான் பேச வரும். "ஆன்ட்டி, தட் பிளாக் ஒன் மட்டும் நக்கோ போல்தா, கிட்டவே வராது. ஸோ சேட்" என்று, அந்தக் கறுப்புப் பூனை மட்டும் சாப்பாடு வேண்டாம் என்கிறதே என அன்றைக்கு வருத்தப்பட்டாள். நான் தலையாட்டினேன். வராமலே இருக்கட்டும் என்று சொல்ல நா வரைக்கும் வந்தது. காரணம் கேட்பாளே என்று லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டேன்.

அந்தத் தண்டவாளத் துண்டை அத்திம்பேர் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எந்தப் பூனையைப் பார்த்தாலும் கையில் கிடைத்ததை எடுத்து வீசினார். காலனிக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைப் பூனை விரோதி என்றே நினைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில், எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குட்டி வந்து அவர் காலில் உரசியது. ரவுடியின் வாரிசாக இருக்கலாம். அவர் கை தானாகக் கீழே போய் அதன் கழுத்தைச் சொறிந்தது. குட்டி கண்ணை மூடிக்கொண்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, பேப்பரைச் சுருட்டி ஓர் அடி போட்டார். விளையாட்டு என்று நினைத்து அது திரும்பி வந்தது. மறுபடியும் அடித்தார், இந்த முறை பலமாக.

"ஏன்னா, குட்டின்னா அது!" என்று அக்கா ஓடிவந்தாள்.

குட்டி மதிலேறி மறைந்தது. அத்திம்பேர் பேப்பரைப் பிரித்து நீவிக்கொண்டே மதிலைப் பார்த்தார்.

"பாத்தியா," என்றார், "நன்னா ஓடறது."

அக்கா உள்ளே போய் அழுதாள்.