உப்பளத்துக்காரியின் மூக்கு

2005-இல் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த எனக்கு 'மூக்கடைச்சவ' என்றுதான் பெயர். வருடக்கணக்காக வாயால்தான் மூச்சு விட்டேன். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா என்னவாம்?" என்று வீட்டுக்காரர் கத்துவார். முடியவே முடியாது என்று நின்றேன்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவோ, "ஆபரேஷன அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தினமும் உப்புத் தண்ணியால மூக்கக் கழுவுங்க" என்றார். அளவு சொல்ல வந்தவரை, "உப்பப் பத்தி எனக்கேவா?" என்று மடக்கிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் பாத்தியில் உப்பு பூத்துக்கிடந்த தண்ணீரையே அள்ளி மூக்கில் உறிஞ்சினேன். மண்டைக்குள் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் எரிந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பப் போய் நின்றபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. "காய்ச்சி ஆறவச்ச தண்ணி ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் உப்பு போடுங்க. அவ்ளோதான்" என்றார்.

நாலு மாதம் விடாமல் கழுவினேன். ஒரு மத்தியானம் திடீரென்று மண்வாசனை மூக்கில் ஏறியது. "மழை வருது, உப்ப மூடுங்க!" என்று கத்தினேன். "உனக்கு வாசனையா?" என்று மேஸ்திரி சிரித்து முடிப்பதற்குள் தூறல் விழுந்தது.

கத்தி படாத மூக்கு இது. உப்பளத்துக்காரி என்ற திமிரும் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் அந்தக் கால் ஸ்பூனை மட்டும் இன்றும் அளந்துதான் போடுகிறேன்.