கீரனூரில் நின்ற விமானம்

"கையில காதுல இருக்கிறதெல்லாம் கழட்டிருங்கம்மா. வாட்ச்சும்தான்," என்றாள் புதுக்கோட்டை ஸ்கேன் சென்டர் பெண். கறுப்புத் தோல்பட்டை வைத்த அந்தக் கடிகாரம் என் மாமியாருடையது. அத்தை இறந்த பிறகு நான் கட்டிக்கொள்கிறேன். பிளாஸ்டிக் தட்டில் அதை வைக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய விமானத்தில் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அவர் முகம் நினைவுக்கு வந்தது.

அத்தைக்கு அடைத்த இடம் ஆகாது. குளியலறைக் கதவைத் தாழ் போட மாட்டார். பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய சீட்டுதான் வேண்டும். மகளின் பிரசவத்துக்காக மட்டும் துணிந்து என்னோடு விமானம் ஏறினார். போகும்போது டாக்டர் கொடுத்த மாத்திரை அவரைத் தூங்க வைத்துவிட்டது. திரும்பும்போது அதை அவர் போடவில்லை என்பது எனக்குத் தெரியாது. டிக்கெட்டை அவரே வாசித்திருக்கிறார்: புறப்படுவது காலை பத்து, திருச்சி சேர்வது பதினொன்றே முக்கால். இந்தக் கொஞ்ச நேரத்துக்கு மாத்திரை எதற்கு என்று பெட்டிக்குள் போட்டு, பெட்டியையும் லக்கேஜில் அனுப்பிவிட்டார். முதல் நேரம் அந்த ஊருடையது, இரண்டாவது நம்முடையது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மகள் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வைத்த கடிகாரம் பதினொன்றே முக்காலைக் காட்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, "எறங்கலாமா?" என்றார்.

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு அத்தை."

கீழே கடல் மட்டும் தெரிந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். "கதவத் தொறக்கச் சொல்லு. நான் எறங்கி நின்னுக்கிறேன்." சிரிக்க முடியவில்லை, அவர் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. மணியைச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "மணியச் சொல்லாத. எந்த ஊருன்னு சொல்லு," என்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "மாத்தூர் தாண்டிட்டோம்," என்றேன். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப அடுத்து கீரனூரு," என்றார்.

திருச்சியிலிருந்து எங்கள் புதுக்கோட்டைக்கு வரும் பஸ்ஸை அன்று கடலுக்கு மேல் ஓட்டினேன். வழியில் ஊர்கள் போதாததால் அதைக் கீரனூரில் வெகுநேரம் நிறுத்த வேண்டியிருந்தது. "இம்புட்டு நேரமா நிப்பாட்டுவான்? கண்டக்டரு இங்கிட்டுத்தான் பொண்ணு கட்டியிருக்கானா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் பிடி தளரவில்லை.

அதற்குப் பிறகு அத்தை விமானம் ஏறவில்லை. "நாலு மணி நேரந்தானேம்மா," என்று மகள் போனில் கெஞ்சுவாள். "அது ஒனக்கு நாலு மணி நேரம்," என்பார். பேத்தி வளர்ந்ததையெல்லாம் போன் திரையில்தான் பார்த்தார்.

"இருபது நிமிஷந்தாங்கம்மா, ஆடாம இருங்க," என்றாள் ஸ்கேன் சென்டர் பெண். படுத்திருந்த பலகை என்னை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளியது. மூக்குக்கு நேரே கூரை. சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் தொடங்கியது. கடிகாரம் வெளியே தட்டில் கிடந்தது. மாத்தூர் தாண்டினேன். கீரனூரில் முடிந்தவரை நின்றேன். நார்த்தாமலை போய், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டும் வந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. இறங்காமல், பஸ்ஸைத் திருமயம் பக்கம் திருப்பினேன்.